யூடியூப் ஆராதனை போதாதா?

கேள்வி: கொரோனா காலத்திலிருந்து சென்னை சபை ஒன்றின் தமிழ் ஆராதனையை ஞாயிறுதோறும் போனிலேயே பார்க்கிறோம். இங்கே கோயிலில் தெலுங்குதான். நேரில் போய்த்தான் ஆக வேண்டுமா?
— ஒரு வாசகி, சூளூர்பேட்டை

பதில்: பிரசங்கம் மட்டும் கேட்க வேண்டுமென்றால் போன் போதும். உங்கள் ஊர்ப் போதகரைவிட நல்ல பிரசங்கியே அதில் கிடைக்கக்கூடும். ஆனால் திருவிருந்தின் அப்பமும் ரசமும் திரை வழியே வராது. 2020இல் கோயில்கள் பூட்டிக்கிடந்தபோது சில சபைகள் வீட்டிலேயே அப்பம் வைத்துக்கொள்ளச் சொன்னதுண்டு. கத்தோலிக்கத் திருச்சபையோ, நேரலைத் திருப்பலி நேரில் பங்கேற்பதற்கு ஈடாகாது என்றே சொல்லிவருகிறது.

கேள்வி பழையதுதான். அன்றைய நேரலை கடிதம். அத்தனை நிருபங்கள் எழுதிய பவுல், தெசலோனிக்கேயரை முகமுகமாய்ப் பார்க்கத் தவித்தார். யோவானின் இரண்டாம் நிருபம் பதின்மூன்றே வசனம். எழுத இன்னும் நிறைய இருக்கிறது, காகிதமும் மையும் வேண்டாம், நேரில் வந்து பேசிக்கொள்கிறேன் என்று முடித்துவிடுகிறார்.

நீங்கள் ஒரு வாரம் வராவிட்டால் யூடியூபுக்குத் தெரியாது. பக்கத்து பெஞ்சுக்காரர் விசாரிப்பார். (சிலர் தேவைக்கு மேலேயே விசாரிப்பார்கள், அது வேறு!)

மொழியா? ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் மிஷன் 1865இல் உங்கள் வட்டாரத்தில் தொடங்கிய ஊழியம் தெலுங்கு மக்களுக்கானது. சந்தையில் தெலுங்கில் பேரம் பேசுகிறவருக்கு ஜெபம் புரியாமலா போகும்? எப்போதாவது தமிழ் ஆராதனை வேண்டுமென்றால் சென்னைக்கு மின்சார ரயில் இருக்கிறது. வீட்டில் நடமாட முடியாதவர்கள் இருந்தால் போதகரிடம் சொல்லுங்கள். திருவிருந்தை வீட்டுக்கே கொண்டுவருவார்.