வாயு கசிந்தால் எந்தப் பக்கம் போவது?

மன்னார்க் கடலுக்கடியில் இயற்கை வாயு இருப்பதை 2011இல் கண்டுபிடித்தார்கள். வாயு கசிந்தால் யாரைப் பாதிக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் பார்க்கலாம். மூன்று கேள்விகள்: கசிந்தது எவ்வளவு? அது காற்றைவிடப் பாரமா, லேசா? காற்று எந்தப் பக்கம் அடிக்குது?

இயற்கை வாயுவில் அதிகம் மீதேன்தான். லேசானது, மேலே போயிடும். சோளகக் காற்றில் கடலில் கசிவது கரைப் பக்கம் வரும். வாடையில் கடல் பக்கம் போகும்.

நம்ம லயத்துக் கேஸ் சிலிண்டரில் இருப்பதோ பாரமானது. தரையோடு ஊர்ந்து பள்ளத்திலும் கானிலும் தேங்கும். 1984 டிசம்பர் 2 இரவு போபாலில் கசிந்த சுமார் 40 தொன் நச்சு வாயுவும் பாரமானதுதான். காற்று அடித்த பக்கத்துக் குடிசைகளில் தூங்கிக் கிடந்தவர்கள் ஆயிரக்கணக்கில் செத்துப்போனார்கள்.

ஆகவே கேஸ் மணம் வந்தால் நெருப்புக்குச்சி கிழிக்காதீங்க, சுவிட்சைத் தொடாதீங்க. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து வெளியே வாங்க. பெரிய கசிவென்றால் காற்றோடு ஓடாமல், குறுக்கே விலகி மேட்டுக்குப் போவோம். இதைப் பிள்ளைகளுக்கும் இன்றே சொல்லிவைப்போம்.