புருவத்தில் பச்சை குத்தலாமா?

மயிலம் மலை முருகனுக்குப் பங்குனி உத்திரம் என்றால் திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துக் கிராமங்கள் எல்லாம் திரண்டு வரும். அந்தக் கூட்டத்தில் வரும் வயதான பாட்டிமார்களின் முன்கையைக் கவனித்துப் பாருங்கள். தேள், கோலம், புள்ளி வரிசை, புருஷன் பெயர்... ஏதாவது ஒன்று பச்சையாகத் தெரியும்.

அந்தப் பாட்டியின் பேத்தி இன்று வேறு விதமாகக் கேட்கிறாள். "புருவத்துல டாட்டூ போட்டுக்கலாமா? தினமும் பென்சில் வச்சு வரைய வேணாம். வேர்த்தாலும் அழியாதாமே!"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் கையில் குத்தியது பிடிக்காவிட்டால் புடவைத் தலைப்பால் மறைத்துக்கொள்ளலாம். முகத்தில் குத்தியதை எங்கே மறைப்பது? அதனால் முடிவெடுக்கும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கறுப்பு மை பச்சையாவது ஏன்?

பச்சை குத்தும் மை உண்மையில் பச்சை நிறமல்ல, கரிதான். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், குறவர் இனப் பெண்கள் இந்த மையைத் தயாரித்த விதத்தை நூறு வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார். மஞ்சள் தூளையும் அகத்தி இலையையும் துணியில் வைத்துத் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரிப்பார்கள். மேலே கவிழ்த்த சட்டியில் படியும் கரிதான் மை.

நம் தோலின் மேல் அடுக்கு மாதம் ஒரு முறை என்கிற கணக்கில் உதிர்ந்து புதிதாகிக் கொண்டே இருக்கிறது. அங்கே மை வைத்தால் தங்காது. அதனால் ஊசி அடுத்த அடுக்குவரை இறங்க வேண்டும். வெளியிலிருந்து வந்த அந்த மையை உடம்பின் காவல் செல்கள் விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அதனால்தான் பச்சை ஆயுள் முழுக்க நிற்கிறது. ஆழத்தில் உள்ள கரியைத் தோல் வழியாகப் பார்க்கும்போது நம் கண்ணுக்கு நீலமாக, பச்சையாகத் தெரிகிறது.

புருவத்துக்கும் இதே கதைதான். முதல் நாள் பளிச்சென்று கறுப்பாக இருப்பது சில வருஷத்தில் நீலம் பாய்ந்ததுபோல் ஆகலாம். பழுப்பு மையில் இரும்பு ஆக்ஸைடு கலந்திருந்தால் சிவப்பு தட்டலாம். மெல்லிய பிளேடால் முடி முடியாகக் கீறி நிறம் ஏற்றும் 'மைக்ரோபிளேடிங்' இன்னும் மேலோட்டமானது. அது பொதுவாக ஒன்று முதல் மூன்று வருஷத்தில் மங்கும். மறுபடி போட வேண்டிவரும்.

முதலில், புருவம் ஏன் உதிர்ந்தது?

இதுதான் மிக முக்கியமான கேள்வி. அடிக்கடி த்ரெடிங் செய்ததால் மெலிந்திருந்தால், மூன்று நான்கு மாதம் அப்படியே விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வளர்ந்துவிடும். பல வருஷம் பிடுங்கியதில் வேரே பழுதாகியிருந்தால்தான் வளராது.

நோயாலும் புருவம் உதிரும். தைராய்டு சுரப்பு குறைந்தால் புருவத்தின் வெளி ஓரம் மெலியும். கூடவே அசதி, உடல் எடை கூடுவது, மாதவிலக்குக் கோளாறு இருக்கலாம். புழுவெட்டு வந்தால் திட்டுத் திட்டாகக் கொட்டும். தொழுநோயிலும் புருவ முடி உதிரும். உணர்ச்சியில்லாத தேமல், தடித்த காது மடல், கை கால் மரத்துப்போவது இவற்றோடு புருவமும் உதிர்ந்தால் தயங்கவே வேண்டாம். ஆறு மாதமோ ஒரு வருஷமோ மாத்திரை சாப்பிட்டால் முழுக்கக் குணமாகும் நோய் அது. அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். அந்த அடையாளத்தை மையால் மூடிவிட்டால் என்ன ஆகும்? நோய் உள்ளே வளரும், நரம்பு பாதிக்கும், கை கால் ஊனம்வரை போகும்.

ஆகவே முதல் செலவு அழகு நிலையத்துக்கு அல்ல, தோல் மருத்துவருக்கு. திண்டிவனம் அரசு மருத்துவமனை, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி, புதுச்சேரி ஜிப்மர் எல்லாமே மயிலம் பக்கத்தவர்களுக்கு எட்டும் தூரம்தான்.

என்னென்ன ஆபத்து?

ஒருவருக்குக் குத்திய ஊசியை அடுத்தவருக்கும் பயன்படுத்தினால் மஞ்சள் காமாலை பி, சி கிருமிகள் பரவலாம், எச்.ஐ.வி.யும் வரலாம். மை ஒத்துக்கொள்ளாமல் அரிப்பு, வீக்கம், கட்டி வரலாம். இது உடனேயும் வரும், பல வருஷம் கழித்தும் வரும். அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம், தோலுக்குள் செலுத்துவதற்கென்று எந்த நிறமியையும் அங்கீகரிக்கவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

"பிடிக்கலேன்னா லேசர் வச்சு எடுத்துடலாம்" என்பார்கள். அவ்வளவு சுலபமில்லை. பல முறை போக வேண்டும். இரும்பு, டைட்டானியம் கலந்த புருவ மை லேசர் பட்டதும் இன்னும் கறுத்துப்போவதும் உண்டு.

வேறு இரண்டு விஷயங்கள். பச்சை குத்திய பின் நம் நாட்டு விதிப்படி ஒரு வருஷம் ரத்ததானம் செய்ய முடியாது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும்போது அபூர்வமாக அந்த இடம் எரியலாம், வீங்கலாம்; ஸ்கேன் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

யாருக்கு வேண்டாம்?

கர்ப்பிணிகள், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோயாளிகள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், காது குத்திய இடத்திலேயே தழும்பு தடித்து வளர்ந்தவர்கள். சோரியாசிஸ், வெண்புள்ளி உள்ளவர்களுக்கு ஊசி பட்ட இடத்திலேயே அது கிளம்பலாம்.

"போட்டே தீருவேன்" என்றால்...

* திருவிழாக் கடையில் வேண்டவே வேண்டாம்.

* ஊசி, பிளேடு, கையுறை உங்கள் கண் முன்னால் புதிதாகப் பிரிக்கப்பட வேண்டும். மையைத் தனிச் சிறு கிண்ணத்தில் ஊற்றச் சொல்லுங்கள். மை பாட்டிலின் லேபிளைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

* மஞ்சள் காமாலை பி தடுப்பூசி மூன்று தவணை. 0, 1, 6 மாதங்களில் போட வேண்டும். முடித்துவிட்டுப் போவது நல்லது.

* கல்யாணத்துக்கு முந்தின வாரம் போகாதீர்கள். பொருக்கு உதிர ஒரு வாரம் பத்து நாள் ஆகும்; உண்மையான நிறம் தெரிய ஒரு மாதத்துக்கு மேலாகும்.

* சீழ், காய்ச்சல், குறையாத வீக்கம் இருந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

கடைசியாக, செலவில்லாத ஒரு சோதனை. குத்த நினைக்கும் அதே வடிவத்தைப் புருவப் பென்சிலால் ஒரு மாதம் தினமும் வரைந்து பாருங்கள். வேலைக்குப் போகும்போதும், அடுப்படியில் நிற்கும்போதும், கோயிலுக்குப் போகும்போதும் அதே புருவம்தான். மாதக் கடைசியில் சலித்துவிட்டதா? சோப்பு போட்டுக் கழுவுங்கள், போய்விடும். ஒரு காலத்தில் நூல்போல மெல்லிய புருவம் ஃபேஷன். பிறகு அடர்ந்த புருவம் வந்தது. ஃபேஷன் மாறும், முகமும் வயதோடு மாறும். குத்திய பச்சை மட்டும் இடம் மாறாது!