வீரமும் பூரமும்

அன்புப் பேத்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கார்பன் டைஆக்சைடில் நடுவே "டை" வருகிறது. கால்சியம் குளோரைடிலும் இரண்டு குளோரின்தானே, அங்கே ஏன் "டை" இல்லை என்று கேட்டிருக்கிறாய். இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே போனால் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

முதலில் உலோகமா அலோகமா என்று பார். கால்சியம் உலோகம். எந்தச் சேர்மத்தில் போய் நின்றாலும் அதன் மின்சுமை +2தான். குளோரைடுக்கு −1. இரண்டும் கூடிச் சுழியம் ஆகவேண்டுமென்றால், ஒரு கால்சியத்துக்கு இரண்டு குளோரைடு வந்தே தீரும். கணக்கே சொல்லிவிடுவதைப் பெயர் எதற்குத் திரும்பச் சொல்ல வேண்டும்? அலுமினியம் ஆக்சைடும் அப்படித்தான். அலுமினியம் +3, ஆக்சைடு −2. ஆகவே இரண்டுக்கு மூன்று.

கார்பனும் ஆக்சிஜனும் இரண்டுமே அலோகம். அவை ஒன்றுக்கு ஒன்றாகவும் சேரும், ஒன்றுக்கு இரண்டாகவும் சேரும். மூடிய அறையில் கரியடுப்பு புகைந்தால் ஆளைக் கொல்வது மோனாக்சைடு; சோடா பாட்டிலில் நுரைப்பது டைஆக்சைடு. நைட்ரஜன் ஆக்சிஜனோடு இன்னும் பல விதமாகக் கூடும். அங்கெல்லாம் டை, ட்ரை, டெட்ரா, பென்டா என்று எண்ணிச் சொன்னால்தான் எது என்று விளங்கும். முன்னால் வரும் தனிமம் ஒன்றே ஒன்றாக இருந்தால் அதற்கு மட்டும் "மோனோ" போடுவதில்லை.

இனிதான் சிக்கலான இடம். உலோகங்களிலும் சில ஒரே சுமையில் நிற்பதில்லை. இரும்பு +2, +3 என்று வரும். தாமிரமும் பாதரசமும் +1, +2 என்று வரும். அதனால் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சுமையைப் போடுகிறார்கள். நம் ஊரில் ஒரே பேரில் பத்துப் பேர் இருந்தால், முன்னால் நிற்கும் விலாச எழுத்துகளை வைத்து எந்த வீட்டுப் பிள்ளை என்று கண்டுகொள்வோமே, அந்த வேலைதான். 1919இல் ஆல்ஃபிரட் ஸ்டாக் என்ற ஜெர்மன் வேதியியலர் சொன்ன முறை இது. ரோமன் எண்ணில் எழுத வேண்டும். நான் கை வந்தபடி 2, 3 என்று எழுதுகிறேன். நீ விடைத்தாளில் அப்படி எழுதிவிடாதே.

அந்த ஓர் எண்ணுக்கு என்ன மதிப்பு என்று சித்த வைத்தியரைக் கேட்டால் தெரியும். வீரம், பூரம் என்று அவர்களிடம் இரண்டு சரக்குகள் உண்டு. இரண்டும் பாதரசமும் குளோரினும் சேர்ந்தவை. வீரம், பாதரசம்(2) குளோரைடு. தண்ணீரில் கரையும், கொடிய நஞ்சு. பூரம், பாதரசம்(1) குளோரைடு. தண்ணீரில் அனேகமாகக் கரையாது. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் இதைப் பேதி மருந்தாகவே கொடுத்துவந்தார்கள். அதுவும் நல்லதில்லை என்று பிறகு விட்டுவிட்டார்கள். வெறுமே "பாதரச குளோரைடு" என்று சீட்டில் எழுதினால் என்ன ஆகும், யோசித்துப் பார்.

இப்படிப் பெயரிடும் எண்ணம் பழையது. 1787இல் பிரான்சில் லவாய்சியர், கைட்டன் டி மோர்வோ, பெர்தொலே, ஃபூர்க்ரோய் என்ற நால்வர் சேர்ந்து, பெயரே உள்ளிருப்பைச் சொல்ல வேண்டும் என்று ஒரு நூல் எழுதினார்கள். அதற்கு முன் நிறம், பிறந்த ஊர், கண்டவர் பேர் என்று தோன்றியபடியெல்லாம் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

பெயர் உள்ளிருப்பைச் சொல்வதற்கு நம் வீட்டிலேயே சாட்சி உண்டு. நம் வளவுச் சுவரைத் தொட்டுப் பார்த்திருக்கிறாய், கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கும். முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு என்று எல்லாரும் முட்டையைப் பற்றியே பேசுவார்கள்; எனக்கோ சுண்ணாம்புதான் அதிசயம். கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல்லும் கால்சியம் கார்பனேட். காளவாயில் 900 டிகிரி அளவுக்குச் சுட்டால் கார்பன் டைஆக்சைடு போய் கால்சியம் ஆக்சைடு மிஞ்சும். தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறிக் கால்சியம் ஹைட்ராக்சைடு ஆகும். சுவரில் பூசியபின் காற்றிலிருந்து கார்பன் டைஆக்சைடை மெள்ள வாங்கி, மறுபடி கார்பனேட் ஆகி இறுகும். மூன்று பெயரையும் வரிசையாக எழுதிப் பார்த்தால் எது போயிற்று, எது வந்தது என்று அதிலேயே தெரியும்.

இனிப் பெயரின் முடிவைக் கவனி. "ஐடு" என்று முடிந்தால் பெரும்பாலும் இரண்டே தனிமங்கள் (ஹைட்ராக்சைடு விதிவிலக்கு). "ஏட்", "ஐட்" என்று முடிந்தால் கூடவே ஆக்சிஜனும் இருக்கும். "ஏட்"டில் கூடுதல், "ஐட்"டில் குறைவு. சல்பேட்டில் நான்கு, சல்பைட்டில் மூன்று, சல்பைடில் ஒன்றுமில்லை. ஆனால் நைட்ரேட்டில் மூன்றுதான். இந்த எண்ணிக்கைகளை மனப்பாடம்தான் செய்தாக வேண்டும், தப்ப வழியில்லை. தமிழ் அச்சில் சல்பைடு, சல்பைட் இரண்டும் ஓர் உகரத்தில்தான் வேறுபடுகின்றன. அச்சுக் கோத்தவரை நம்பாதே, வாய்பாட்டைப் பார்.

மறுபடி இரும்புக்கு வருவோம். காரைக்குடியில் சிக்ரி என்ற மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதல்லவா, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டியது? 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அழகப்பச் செட்டியார் கொடுத்தார். அங்கே நடக்கும் ஆராய்ச்சிகளில் ஒன்று, உலோகம் அரிக்காமல் காப்பது. துரு என்பது நீரேறிய இரும்பு(3) ஆக்சைடு. நீர் இல்லாத அதே ஆக்சைடைத்தான் ஆத்தங்குடியில் சிமெண்டோடு கலந்து தரைக்கல்லுக்குச் சிவப்பு ஏற்றுகிறார்கள்.

அந்தக் கற்களின் கறுப்புக்கு உதவும் இரும்பு ஆக்சைடு ஒன்று உண்டு. காந்தம் அதை இழுக்கும். மூன்று இரும்புக்கு நான்கு ஆக்சிஜன். அப்படியானால் ஆக்சிஜனுக்கு மொத்தம் −8. மூன்று இரும்பும் ஒரே சுமையில் நின்றால் கணக்கு முழு எண்ணாக வராது. இரும்புக்கு எந்தெந்தச் சுமை உண்டு என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை வைத்து அடைப்புக்குறிக்குள் என்ன போட வேண்டும் என்று கண்டுபிடித்து, பெயரை எழுதி அனுப்பு.

அன்புடன்,
ஐயா