புக்கிட் தீமா காட்டுக்குள் ஒரு காலை நடை

சிங்கப்பூரின் மிக உயரமான இயற்கைக் குன்று புக்கிட் தீமா. உயரம் 163.63 மீட்டர்தான். ஆனால் அதைப் போர்த்தியிருக்கும் மழைக்காடு மிகப் பழையது. 1854இல் சிங்கப்பூர் வந்த இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், இரண்டு மாதங்களில் சுமார் 700 வகை வண்டுகளைச் சேகரித்தது இந்த வட்டாரத்தில்தான். அந்தக் காட்டைப் பார்க்க ஒரு காலைப்பொழுது போதும்.

1. நேரம்: காலை 7 மணிக்கே திறந்துவிடும், கட்டணம் இல்லை. வெயில் ஏறுமுன் கிளம்புவது நல்லது. பிற்பகலில் இடிமழை பிடித்துக்கொள்வதும் உண்டு. இடி கேட்டால் இறங்கிவிட வேண்டும்.

2. வழி: டவுன்டவுன் ரயில் தடத்தில் பியூட்டி வோர்ல்ட் நிலையத்தில் இறங்கி, ஹிண்ட்ஹீட் டிரைவ் வழியாக நடந்தே வாசலை அடையலாம்.

3. பை: வழுக்காத காலணி, தண்ணீர், கொசு மருந்து. தின்பண்டத்தை ஜிப் வைத்த பைக்குள் வைத்து மூட வேண்டும். கையில் பிளாஸ்டிக் பை தொங்கினாலே நீள்வால் குரங்குகள் நெருங்கி வரும். அவற்றுக்கு உணவு கொடுப்பது சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம்.

4. ஏற்றம்: உச்சிக்குப் போகும் தார்ச்சாலை தொடக்கத்திலேயே செங்குத்து. மூச்சு வாங்கினால் ஓரமாக நின்று அண்ணாந்து பார்க்கலாம். துடுப்புவால் கரிச்சான் பறக்கும்போது, வாலின் இரு நீண்ட இறகுகளின் நுனி மட்டும் இரண்டு கரும்பூச்சிகள் துரத்துவதுபோல் பின்னால் வரும். மரத்தண்டில் சாம்பல் நிறப் பட்டைபோல் ஒட்டியிருப்பது கொலுகோவாகவும் இருக்கலாம். பகலில் அசையாமல் கிடக்கும் இந்த விலங்கு, இரவில் தோல்படலத்தை விரித்து மரத்துக்கு மரம் மிதந்து போகும்.

5. இறக்கம்: கால் வலித்தால் வந்த சாலையிலேயே திரும்பலாம். தெம்பு இருந்தால், அடிவாரத்தில் உள்ள ஹிண்ட்ஹீட் பூங்காவுக்குள் நுழைந்து, நீர் நிறைந்து நிற்கும் பழைய கருங்கல் குவாரியைப் பார்த்துவிட்டு வரலாம்.

எல்லாப் படிகளுக்கும் பொதுவான விதி ஒன்று: பாதையை விட்டு விலகக் கூடாது. குறுக்கு வழியில் ஒவ்வொரு காலடியும் மண்ணை இறுக்குகிறது. பிறகு மழைநீர் உள்ளே இறங்காமல் மண்ணை அரித்து வேர்களை வெளியே கொண்டுவந்துவிடும். பாதைகளையும் சரிவுகளையும் சீரமைக்க 2014 முதல் 2016 வரை இக்காட்டின் பெரும்பகுதியை மூடி வைக்க நேர்ந்தது. மறுபடி அப்படி மூட நேராதிருக்க, போகிறவர்கள் பாதையிலேயே நடக்கட்டும்.