வலியில்லாதவர்களை அழைப்பது எப்படி?
மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை பற்றி ஒரு பாடம்



நம் ஊழியத்தை நெடுநாளாகத் தாங்கிவரும் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: "மாமோகிராம் இயந்திரம் ஒன்றை வாங்கி, வேனில் ஏற்றி, கிராமம் கிராமமாகக் கொண்டுபோனால் என்ன? முதல் தொகையை நான் தருகிறேன்." நல்ல மனதோடு எழுப்பப்பட்ட கேள்வி. உடனே "சரி" என்று எழுதிவிட எனக்கும் ஆசைதான். ஆனாலும் டாக்டர்களிடம் கேட்டும் வாசித்தும் நான் தெரிந்துகொண்டதை முதலில் உங்கள்முன் வைப்பதே நேர்மை என்று எண்ணுகிறேன்.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற நம் திருமுக்கூடலில், பெருமாள் கோயிலில், வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. 11-ஆம் நூற்றாண்டில் இங்கே 15 படுக்கைகளோடு ஓர் ஆதுலசாலை நடந்ததை அது சொல்கிறது. வைத்தியர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருவோர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் என்று எல்லாருக்கும் ஏற்பாடு இருந்திருக்கிறது. அன்று முதல் இன்றுவரை ஆஸ்பத்திரி என்றால் நோயாளி வருவதற்காகக் காத்திருக்கும் இடம்தான். ஸ்கிரீனிங் என்பது இதற்கு நேர் எதிரான வேலை. எந்த உபாதையும் இல்லாத பெண்ணை வீடு தேடிப்போய், "வாருங்கள், பார்த்துவிடலாம்" என்று அழைக்க வேண்டும்.

அது எவ்வளவு கடினம் என்பதை வார்டில் ஒரு தாயாரிடம் கற்றேன். குளிக்கும்போது கட்டி கையில் தட்டுப்பட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. "வலிக்கலையே ஐயா, வலிச்சா வந்திருப்பேன்" என்றார். நடவு வந்தது, மகள் கல்யாணம் வந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆம்பளை டாக்டர்கிட்ட எப்படிக் காட்டுறது?" என்றார். அவர் வந்து சேர்ந்தபோது கட்டி புண்ணாகியிருந்தது. ஆரம்பத்தில் வலி இல்லாதிருப்பதுதான் இந்த வியாதியின் வஞ்சகம்.

இனி இயந்திரத்துக்கு வருவோம். மாமோகிராம் என்பது மார்பகத்தை இரு தட்டுகளுக்கிடையே அழுத்தி எடுக்கும் எக்ஸ்-ரே படம். கைக்குத் தட்டுப்படாத சிறு கட்டியையும் அது காட்டக்கூடும். ஸ்வீடனில் இரண்டு மாவட்டங்களில் 1977-இல் தொடங்கிய ஆய்வில், அழைக்கப்பட்ட பெண்களிடையே இந்நோயால் இறந்தவர்கள் சுமார் 30 சதவீதம் குறைவு என்று 1985-இல் அறிவித்தார்கள். பிரிட்டன் 1988-இல் தேசியத் திட்டத்தையே தொடங்கியது. அங்கே 50 முதல் 70 வயது வரையான பெண்ணுக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை வீட்டுக்குக் கடிதம் வரும். ஒரு படத்தை இருவர் தனித்தனியே பார்ப்பார்கள். சந்தேகம் என்றால் திரும்ப அழைத்து ஊசியால் திசு எடுத்துச் சோதிப்பார்கள். நோய் என்றால் சிகிச்சை காத்திருக்கும். இந்தச் சங்கிலியில் இயந்திரம் ஒரு கண்ணி மட்டுமே. அதை வாங்கிவிடலாம், பட்டியலையும் கடிதத்தையும் திரும்ப அழைப்பதையும் வாங்க முடியாது.

நன்மையோடு ஒரு விலையும் உண்டு, இதை நன்கொடையாளரிடம் மறைக்கக் கூடாது. 2012-இல் பிரிட்டனில் நடந்த மறு ஆய்வின் கணக்கு இது: 50 வயதுப் பெண்கள் 10,000 பேரை இருபது ஆண்டுகள் அழைத்துப் பரிசோதித்தால் 43 மரணங்கள் தடுக்கப்படும். ஆனால் 129 பேருக்கு, வாழ்நாளில் ஒருபோதும் தொல்லை தந்திராத புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டு, சிகிச்சையும் நடக்கும். அந்த 129 பேர் யார் யார் என்று எவராலும் சொல்ல முடியாது. முதலில் வாசித்தபோது நான் நம்பாமல் டாக்டரம்மாவிடம் கேட்டேன். "உண்மைதான் ஐயா" என்றார்.

நம் நாட்டில் இன்னொரு சிக்கல். இங்கே ஐம்பதைத் தாண்டாத பெண்களிலும் பலருக்கு இந்நோய் வருகிறது. இளவயதில் மார்பகத் திசு அடர்ந்திருப்பதால் படத்தில் வெண்மையாகத் தெரியும். கட்டியும் வெண்மைதான். வெள்ளை வேட்டியில் சுண்ணாம்புப் பொட்டைத் தேடுவது போல.

ஆகவே மும்பை டாடா நினைவு மையத்தார் 1998-இல் வேறு வழியில் இறங்கினார்கள். 35 முதல் 64 வயதுக்குட்பட்ட சுமார் ஒன்றரை லட்சம் பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் தடவிப் பார்க்கும் பரிசோதனை செய்தார்கள். செய்தவர்கள் டாக்டர்கள் அல்ல, பயிற்சி பெற்ற பெண் சுகாதார ஊழியர்கள். 2021-இல் முடிவு வெளிவந்தது: நோய் முன்னதாகவே கண்டுபிடிக்கப்பட்டது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. அதற்குக் குறைந்த வயதினரில் அப்படித் தெளிவான பலன் தெரியவில்லை. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மத்திய அரசு 2016-இல் வகுத்த திட்டமும் 30 முதல் 65 வயதுப் பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை இந்தக் கைப்பரிசோதனையையே சொல்கிறது. தமிழ்நாட்டில் 2023-இல் ஈரோடு, கன்னியாகுமரி, திருப்பத்தூர், நம் பக்கத்து ராணிப்பேட்டை ஆகிய நான்கு மாவட்டங்களில் ஒழுங்குபடுத்தப்பட்ட புற்றுநோய்ப் பரிசோதனை தொடங்கப்பட்டது. கட்டி தட்டுப்பட்டபின் மாமோகிராம் மிகவும் தேவை, அதை நான் மறுக்கவில்லை. சிகிச்சைக்கோ, காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கிய அடையாறு நிலையமும் எட்டாத தூரத்தில் இல்லை.

அறுபடுவது நடுவில்தான். "மேல்பரிசோதனைக்குப் போங்கள்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தபின், அந்தச் சீட்டு அரிசிப் பானைக்கு அடியில் கிடக்கிறது. ஒருநாள் கூலி போகும், துணைக்கு வர ஆள் இல்லை, வீட்டில் என்ன சொல்வார்களோ என்ற பயம்.

ஆகையால் நண்பருக்கு இப்படி எழுதினேன்: வேன் இப்போது வேண்டாம். கைப்பரிசோதனை கற்ற இரண்டு சகோதரிகளின் சம்பளம், ஊர்வாரியாகப் பெயர் எழுதிய ஒரு நோட்டு, சீட்டு பெற்றவரோடு கூடவே போய்வரப் பேருந்துச் செலவு ஆகியவற்றைத் தாருங்கள். வேனைப் போல இவற்றைப் படம் எடுத்து மடலில் போட முடியாது என்றும் சேர்த்தே எழுதினேன்.

பதில் வந்துவிட்டது. உத்திரமேரூரிலிருந்து காரப்பேட்டைக்கு இருவர் போய்வர என்ன செலவாகும் என்று கேட்டிருக்கிறார்.