தாயத்துக்குள் ஒரு கரடி

அப்புத்தளையில் எங்கள் வீடு மலை விளிம்பில் இருக்கிறது. பின்வாசலைத் திறந்தால் தெற்கே மலை செங்குத்தாக இறங்கிவிடும். மூடுபனி இல்லாத காலைகளில், தேயிலை மலைகளுக்குக் கீழே தாழ்நிலம் நீலமாக விரிந்து கிடப்பதும் உடவளவை நீர்த்தேக்கம் மினுங்குவதும் தெரியும். இன்னும் தெளிவான நாட்களில் அதற்கப்பால் கடல் ஒரு கோடாகத் தெரியும். "அந்தப் பக்கம்தான் யால காடு. அங்க கரடி இருக்கு" என்று வாப்பா கிழக்கே கைகாட்டுவார். கரடி என்பது அந்தத் தூரத்துக் காட்டோடு நின்றுவிடும் பிராணி என்றே நான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

என் தம்பி நான்கு வயதில் இரவில் வீறிட்டுக்கொண்டு எழும்புவான். ஒருநாள் சந்தைக்குப் போன உம்மும்மா, ஊர் ஊராகத் திரியும் ஒரு வியாபாரியிடம் தாயத்து ஒன்று வாங்கி வந்து, கறுப்பு நூலில் கோத்து அவன் கழுத்தில் கட்டிவிட்டார். "கரடி மயிர் வெச்சது. பயம் அண்டாது" என்று அந்த வியாபாரி சொன்னாராம். தம்பி வளர்ந்தான், பயமும் போனது. தாயத்து மட்டும் கழுத்தில் கிடந்தது. சென்ற வருடம் அதன் தகட்டுக்கூடு வாய் பிளந்து, உள்ளே இருந்த மயிர் என் உள்ளங்கையில் விழுந்தது. கறுப்பாய், தடிப்பாய், ஒரு விரல் நீளம் இருந்தது.

அதைக் கடதாசியில் மடித்து எங்கள் உயிரியல் டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "இது கரடியோ, குதிரையோ, வேற எதுவோ, கண்ணால பார்த்துச் சொல்ல ஏலாது மகள். ஆனா கரடியா இருந்தா அது உங்கட தம்பியின் கழுத்துக்கு எப்பிடி வந்திருக்கும்? தேடிப் பாருங்க" என்றார். அப்படித் தேடியபோது கிடைத்தவற்றையே இக்கட்டுரையில் தருகிறேன்.

எண்கு என்னும் பிராணி

உலகில் கரடி இனங்கள் எட்டு. இலங்கையில் வாழ்வது அவற்றுள் ஒன்று மட்டுமே. பாடநூல்கள் அதனைச் சோம்பற்கரடி என்கின்றன. இப்பெயர் ஒரு தவறினால் வந்தது. 1791இல் ஜோர்ஜ் ஷோ என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், நீண்ட நகங்களைப் பார்த்து இதனைத் தென்னமெரிக்க மரங்களில் தொங்கும் சோம்பல் விலங்கின் உறவு என எண்ணிப் பெயரிட்டுவிட்டார். பின்னர் கரடி என்று தெரிந்தும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டது.

நம் முன்னோர் இதனை நன்றாக அறிந்திருந்தனர். சங்கப் பாடல்களில் கரடிக்கு 'எண்கு' என்று பெயர். 'உளியம்' என்றும் சொல்வர். எண்கு புற்றைப் பறித்துக் கரையானைத் தேடுவதையும் இருப்பைப் பூவைத் தின்பதையும் அப்புலவர்கள் பாடியுள்ளனர். இன்றைய அறிவியலும் அதையே சொல்கிறது. இக்கரடிக்கு மேல்வாயின் முன்பற்கள் இரண்டு இல்லை. அந்த இடைவெளியினூடாகத்தான் அது கரையானைக் காற்றோடு உறிஞ்சி எடுக்கிறது. தேனும் பழங்களும் அதற்குப் பிரியம். யால காட்டில் பாலைப்பழம் பழுக்கும் ஆனி, ஆடி மாதங்களில் கரடிகள் மரமேறிப் பழம் தின்பதைப் பார்க்கவே பயணிகள் வருகின்றனர்.

தாய்க்கரடி பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு குட்டிகளையே ஈனும். குட்டிகளை முதுகில் ஏற்றிச் சுமக்கும். ஏறத்தாழ இரண்டரை வருடங்கள்வரை அவை தாயோடுதான் திரியும். குட்டிகள் பிரிந்த பின்னரே தாய் மீண்டும் ஈனும். அப்படியானால் பத்து வருடங்களில் ஒரு தாய் மூன்று அல்லது நான்கு தடவைகளே ஈனமுடியும். பிறப்பவை எல்லாம் பிழைப்பதுமில்லை. எனவே காட்டில் ஒரு தாய் இறந்தால், முதுகிலிருக்கும் குட்டிகளோடு இனிப் பிறக்கவேண்டியவையும் இல்லாமற் போகின்றன.

எமது தீவின் நிலப்பரப்பில் 17 சதவீதத்துக்கும் குறைவான பகுதியிலேயே கரடிகள் வாழ்கின்றன. யால, வில்பத்து, வஸ்கமுவ போன்ற உலர்வலயக் காடுகளே அவற்றின் இருப்பிடம். மொத்தத் தொகை ஆயிரத்துக்கும் குறைவு என்று கணிக்கப்படுகிறது. 2012ஆம் ஆண்டின் தேசிய சிவப்புப் பட்டியல் இதனை அழிவை எதிர்நோக்கும் இனம் என வகைப்படுத்தியது. காடு குறைவதும், காட்டில் எதிர்ப்படும் கரடிக்குப் பயந்து மனிதர் அதனைக் கொல்வதும் இங்கே முக்கிய காரணங்கள். கரடி தாக்கிக் கண்ணும் முகமும் இழந்தவர்கள் உலர்வலயக் கிராமங்களில் உள்ளனர். அவர்களுடைய பயத்தை நாம் குறைத்து மதிப்பிடக்கூடாது. ஆனால் தாயத்து வாங்கும் நமக்கு அந்தப் பயமும் இல்லையே.

மூக்கணாங்கயிறும் பித்தப்பையும்

கரடியை விலைப்பொருளாக்கிய வரலாற்றைத் தேடிச் சென்றபோது நான் இந்தியாவுக்குப் போகவேண்டியிருந்தது. அங்கே 'கலந்தர்' என்ற முஸ்லிம் சமூகத்தவர் தலைமுறை தலைமுறையாகக் கரடியாட்டம் நடத்திப் பிழைத்தனர். ஆடுவதற்கு வேண்டிய குட்டியைக் காட்டிலிருந்துதான் பிடிக்கவேண்டும். தாய் விடாது. ஆகவே தாயைக் கொன்றே குட்டியை எடுத்தனர். பிறகு பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குட்டியின் மூக்கைத் துளைத்துக் கயிறு கோத்தனர், பற்களைத் தட்டி எடுத்தனர். கயிறு இழுபடும் வலியில் கரடி எழுந்து காலை மாற்றி மாற்றி வைப்பதையே சனங்கள் நடனம் என்று பார்த்தனர். ஆட்டம் முடிந்ததும் கரடியின் மயிரைத் தாயத்துக்காக விற்பதும் உண்டு. இதை வாசித்தபோது என் கையில் விழுந்த அந்த மயிர் ஞாபகம் வந்தது.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், கரடிகளை வித்தை காட்டப் பயன்படுத்துவதைத் தடுத்த 1998ஆம் ஆண்டின் அறிவித்தலும் இருந்தன. சட்டத்தால் மட்டும் ஆட்டம் நிற்கவில்லை. கரடியை எடுத்துவிட்டால் அந்தக் குடும்பம் அன்றிரவு எதைச் சாப்பிடும்? 1995இல் தொடங்கப்பட்ட 'வைல்ட்லைப் எஸ்.ஓ.எஸ்' என்ற அமைப்பு இந்தக் கேள்வியிலிருந்து வேலையை ஆரம்பித்தது. கரடியை ஒப்படைத்த கலந்தர்களுக்கு வேறு தொழில் தொடங்கப் பணமும் பயிற்சியும் கொடுத்தனர். பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பினர், பெண்களுக்குக் கைத்தொழில் கற்பித்தனர். 2002இல் ஆக்ராவிலுள்ள காப்பகத்துக்கு முதற்கரடி வந்தது. 2009 டிசம்பரில் 'ராஜு' என்ற கடைசிக் கரடியும் ஒப்படைக்கப்பட்டது. 600க்கும் மேற்பட்ட கரடிகள் இவ்வாறு மீட்கப்பட்டன. கயிறு அறுந்தது கரடிக்கு மட்டுமல்ல, தந்தையின் தொழிலைத் தவிர வேறொன்றும் அறியாதிருந்த பிள்ளைகளுக்கும்தான்.

மற்றொரு வியாபாரம் பித்தத்துக்கானது. கரடியின் பித்தம் கிழக்காசிய மரபு வைத்தியத்தில் நெடுங்காலம் பயன்பட்டது. அதற்காகக் காட்டுக் கரடிகளைக் கொன்று பித்தப்பையைக் கடத்துகின்றனர். பண்ணைகளில் ஆசியக் கருங்கரடிகளைச் சிறு கூடுகளில் அடைத்து, உயிரோடிருக்கும்போதே பித்தத்தை வடிக்கின்றனர். இதில் ஒரு வேதனையான வேடிக்கை உண்டு. அப்பித்தத்திலுள்ள மருந்துப்பொருளான அர்சோடியொக்சிகோலிக் அமிலத்தை மாட்டின் பித்தத்திலிருந்து தொழிற்சாலையில் தயாரிக்கலாம். சில வகைப் பித்தக்கற்களுக்கும் ஈரல் நோய்க்கும் வைத்தியர்கள் எழுதிக்கொடுக்கும் அந்த மாத்திரைக்குக் கரடியே தேவையில்லை. வியட்நாமில் 2005இல் 4000க்கும் அதிகமான கரடிகள் பண்ணைகளில் இருந்தன. இன்று அத்தொகை சில நூறுகளுக்குள் வந்துவிட்டது. மனிதர் மனம் வைத்தால் நிலைமை மாறும் என்பதற்கு இதுவும் சான்று.

நம் மலைகளில்

"இதெல்லாம் வெளிநாட்டுக் கதை" என்று சிலர் சொல்லலாம். இலங்கையில் 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் கரடிக்கும் அரணாக உள்ளது. 'சைட்டிஸ்' எனப்படும் சர்வதேச உடன்படிக்கையில் எமது நாடு 1979இல் இணைந்தது. அதன் முதலாம் அட்டவணையில் இக்கரடி இருப்பதால், இதன் மயிர், நகம், பல் எதையும் நாடு விட்டு நாடு கொண்டுபோய் விற்கமுடியாது.

ஆனாலும் சட்டம் காட்டுக்குள் தனியாக நடந்து திரியாது. எங்கள் தோட்டப்புறங்களில் காட்டுப்பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்கு வேறு பிராணிகளையும் பிடிக்கிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று அப்படித்தான் சிக்கி, உடவளவைக்குக் கொண்டுபோகப்பட்டும் பிழைக்கவில்லை. சுருக்கு வைப்பவர் பெரும்பாலும் ஏழை. அவர் தேடுவது இறைச்சி. ஆனால் சிக்கிய பிராணியின் தோலுக்கும் நகத்துக்கும் விலை கொடுக்க ஒருவர் வந்துவிட்டால், அடுத்த சுருக்கு வேறு எண்ணத்தோடு வைக்கப்படும். அந்த விலையைக் கொடுப்பவர் காட்டையே காணாதவராக இருக்கலாம். சந்தைக்குப் போன ஒரு பாட்டியாகவும் இருக்கலாம்.

இவற்றையெல்லாம் ஒரு லீவு நாளில் உம்மும்மாவுக்குச் சொன்னேன். அவருக்குக் கோபம் வரும் என்று பயந்தேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "குட்டிய முதுகுலயா சுமக்கும்?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "நல்லதுண்டு நெனச்சித்தான் மகள் கட்டினேன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் சொன்னது உண்மை. பேரன்மேல் வைத்த பாசத்தைத்தான் அந்த வியாபாரி காசாக்கியிருந்தான்.

அந்த மயிர் கரடியுடையதா என்பது இன்றுவரை தெரியவில்லை. பொய் மயிர் என்றால் நாங்கள் ஏமாந்தோம். மெய் என்றால் எங்கோ ஒரு கரடியின் உயிருக்கு நாங்கள் விலை கொடுத்தோம். இரண்டில் எது உண்மையாயினும், வாங்காமல் இருந்திருந்தால் நட்டம் ஒன்றுமில்லை.

போன மாதம் பக்கத்து வீட்டு மாமி, தன் பேரனுக்கும் அதுபோல ஒரு தாயத்து எங்கே வாங்கலாம் என்று கேட்டு வந்தார். நான் வாய் திறக்குமுன் உம்மும்மாவே பதில் சொன்னார்: "வேணாம் புள்ள. பக்கத்துல படுக்க வெச்சி, ஓதி ஊதி விடுங்க. விடிஞ்சா பயம் போயிரும்."

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பெரியவர்களோடும் இதைப் பேசிப் பாருங்கள். கரடி நகம், கரடி மயிர், கரடி நெய் என்று எவரேனும் விற்க வந்தால் வாங்காதீர்கள். வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். இப்போதும் விடியற்காலையில் பின்வாசலைத் திறந்தால் அந்த நீலச் சமவெளி தெரிகிறது. அதற்கப்பால் எங்கோ ஒரு தாய் குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு பாலைமரத்தடிக்குப் போய்க்கொண்டிருக்கும். அது அங்கேயே இருக்கட்டும்.