பச்சைப்பாம்பு கடித்தால் விஷமா?



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் சேமிப்பும் கடன் வசூலும் எழுதி முடித்தபிறகு பேச்சு பாம்பு பக்கம் திரும்பிவிட்டது. முருங்கைக்கீரை ஒடிக்கப்போன ஒரு உறுப்பினரின் மகளை விரலில் பச்சைப்பாம்பு கடித்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஒருநாள் படுக்கவைத்துப் பார்த்தார்களாம். ஆனால் விஷமுறிவு ஊசி போடவில்லை. "ஏழைங்கன்னா இளக்காரமா?" என்று அந்த அக்காவுக்கு இன்னமும் கோபம் ஆறவில்லை.

பச்சைப்பாம்புக்கு விஷம் உண்டா? உண்டு, ஆனால் லேசான விஷம். நல்லபாம்புக்கு விஷப்பல் வாயின் முன்பக்கம் இருக்கும். பச்சைப்பாம்புக்கு அது வாயின் உள்ளே, பின்பக்கம் இருக்கிறது. ஓணான், தவளை இவற்றைக் கவ்விப் பிடித்து அசையாமல் செய்யத்தான் அந்த விஷம். மனிதரைக் கடித்தால் அந்த இடம் வலிக்கும், வீங்கும், மரத்துப்போகும். சில நாளில் வடிந்துவிடும். உயிருக்கு ஆபத்தில்லை.

"கண்ணைக் கொத்துமாமே?" என்று எல்லோருமே கேட்டார்கள். கண்கொத்திப் பாம்பு என்றுதானே பெயர்! நம் முகத்து உயரத்துக்குச் செடி கொடியில் இலையோடு இலையாகக் கிடக்கும். தெரியாமல் பக்கத்தில் போனால் பயந்து வாயைப் பிளந்து சீறிக் கொத்தும். கண்ணைக் குறிவைப்பது கிடையாது. அதைக் கையால் உருவினால் சமையலில் கைமணம் வரும் என்பார்களே, அந்த ஆசையும் வேண்டாம்! மலைப்பக்கம் இருக்கிற சகோதரிகளுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: பச்சையாக, தலை முக்கோணமாக, உடம்பு தடித்து இருந்தால் அது மூங்கில் விரியன். அதன் கடி லேசானதல்ல.

அந்த ஊசி ஏன் போடவில்லை? நம் ஊரில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலு பாம்பின் விஷத்தை வைத்துத் தயாரிப்பது. பச்சைப்பாம்புக்கு அது தேவையில்லை. தேவையில்லாமல் போட்டால் அரிப்பு, மூச்சுத்திணறல் என்று அந்த மருந்தே ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அதனால் டாக்டர் செய்தது சரிதான் அக்கா.

இதைப் படித்துவிட்டு "பச்சப்பாம்புதானே" என்று யாரும் வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. கடித்தது எது என்று இருட்டில் எப்படித் தெரியும்? கட்டுவிரியனைப் போலவே வரி போட்ட விஷமில்லாத பாம்பும் இருக்கிறது. ஓட்டு வீட்டில் தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவர்களைக் கட்டுவிரியன் ராத்திரியில் கடிக்கும். வலி இருக்காது, வீக்கமும் இருக்காது. எறும்பு கடித்தமாதிரி என்று திரும்பிப் படுத்துவிடுவார்கள். விடிவதற்குள் வயிற்றுவலி வரும், கண் இமை தொங்கும், பேச்சுக் குழறும், அப்புறம் மூச்சு நிற்கும். கட்டில், அதுவும் இல்லாவிட்டால் ஓரங்களைப் பாய்க்கு அடியில் செருகிய கொசுவலையாவது வேண்டும். 2000 முதல் 2019 வரை நம் நாட்டில் வருடத்துக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் நம்மைப்போல கிராமத்து ஜனங்கள்தான்.

கடித்துவிட்டால் கயிறு போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள். கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். மோதிரம், வளையல், மெட்டியை உடனே கழற்றுங்கள், வீங்கினால் கழற்ற முடியாது. கடிபட்ட கையையோ காலையோ குச்சி வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டி ஆடாமல் வையுங்கள். நடக்கவிடாமல் 108-ல் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். விஷமுறிவு மருந்து அங்கே இலவசம். மந்திரிக்கப் போகும் நேரத்தில் விஷம் ஏறிவிடும். பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு போகவும் வேண்டாம், அதைத் தேடப்போய் இரண்டாவது ஆளும் கடிபடுகிறார்.

அங்கே ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிஷம் அசைக்காமல் வைப்பார்கள். உறையாவிட்டால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். "சும்மா உட்காரவச்சிருக்காங்க" என்று அந்த நேரத்தில் சண்டை போட்டு நோயாளியைக் கூட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள். உறைந்தாலும் ஒருநாள் முழுக்க வைத்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள்.